குணமதியாரின் பெயரைத் தேடி: ஒரே மலைக்குப் பிள்ளைகளுடன் நான்கு நடை

ஜனவரியிலிருந்து மார்ச் வரை எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேரை நான்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கூட்டிப் போனேன். சின்னவனுக்கு 6 வயது, பெரியவளுக்கு 12. ஊரெல்லாம் சுற்றிக் காட்டாமல் ஒரே மலைக்குத் திரும்பத் திரும்பப் போனதற்குக் காரணம் உண்டு. முதல் நடை சரியாக அமையவில்லை, எங்கே தவறியது என்று தெரிந்துகொள்ள அதே இடத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டியிருந்தது. என்ன செய்தேன், எது எடுபட்டது, எதை மாற்றினேன் என்பதை எழுதி வைக்கிறேன். உங்கள் ஊரில் பிள்ளைகளை இப்படிக் கூட்டிப் போக நினைப்பவர்களுக்கு உதவும்.

இடத்தைத் தெரியாதவர்களுக்கு: மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டி இருக்கிறது கீழக்குயில்குடி. மலையடியில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், விழுது இறங்கிய ஆலமரம். படி ஏறினால் பேச்சிப்பள்ளம் என்கிற இடத்தில் ஒரு சுனை, அதற்கு மேல் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் எனப்படும் சமண சமய குருமார்களின் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்புடவு என்ற குகை. சிற்பங்களும் கல்வெட்டுகளும் ஏறத்தாழ கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம்.

முதல் நடைக்கு நான் நிறையப் படித்துவிட்டுப் போயிருந்தேன். பாண்டியர், சமணம், வட்டெழுத்து என்று ஒரு நோட்டு முழுக்கக் குறிப்பு. பேச்சிப்பள்ளத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். பத்து நிமிடம் கேட்டார்கள். அதற்குப் பிறகு ஒருத்தன் செருப்பின் வாரைப் பிய்த்துக்கொண்டிருந்தான், இருவர் கல்லால் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், எதிர்வீட்டுப் பையன் "அத்தை, இட்லி எப்பத் திங்கலாம்?" என்று கேட்டான். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அன்று எடுத்த படங்களைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. நான் பேசிய நேரத்துப் படங்களில் எல்லாம் முகங்கள் வாடிக் கிடந்தன, இறங்கி வரும்போது பாறைமேல் ஒரு ஓணான் முதுகு சிவந்து நின்று தலையை ஆட்டிய நேரத்துப் படத்தில் ஒன்பது பேரும் மூச்சு விடாமல் நிற்கிறார்கள். யாரும் அவர்களுக்கு அந்த ஓணானைக் காட்டவில்லை. அவர்களாகக் கண்டார்கள். சரி, கல்வெட்டையும் அவர்களாகக் காண வேண்டும், நான் அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்து செய்த எல்லாமே அந்த ஒரு முடிவிலிருந்து வந்தவை.

இரண்டாம் நடைக்கு முன்னால் மூன்று வாரம் இருந்தது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் நல்ல கெட்டி அட்டை, மழைத் தூறலுக்கும் வியர்வைக் கைக்கும் தாங்கும். அவற்றை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு துப்பு எழுதினேன். "ஐந்து தலைப் பாம்பைக் குடையாகப் பிடித்திருப்பவர் யார்?" என்று ஒன்று. "கால்களில் கொடி சுற்றியும் அசையாமல் நிற்பவரைக் கண்டுபிடி" என்று ஒன்று. முதலாவது பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர், இரண்டாவது பாகுபலி என்ற சமணத் துறவி, ஆனால் பெயர்களை அட்டையில் எழுதவில்லை. எழுதினால் பெயரைப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள், சிலையைப் பார்க்க மாட்டார்கள்.

அட்டைகளோடு ஒரு துணிப்பை. அதில் இரண்டு பூதக்கண்ணாடி, ஒரு டார்ச், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி, பழைய கரண்டி ஒன்று, மஞ்சள்தூள், பஞ்சு, வட்டெழுத்து அட்டவணை எழுதிய ஒரு தாள். யார் பையைத் தூக்குவது என்பதற்கு ஒவ்வொரு அரை மணி நேரமும் ஆள் மாறும். பை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அந்த நேரத்துக்குத் தலைவர், எல்லோரையும் எண்ணிப் பார்க்கும் பொறுப்பும் அவருக்கே. எட்டு வயதுப் பையன் ஒருவன் தன் முறை வந்தபோது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணினான், நான் எண்ணுவதைவிட அது பத்திரமாக இருந்தது.

வட்டெழுத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய ஒரு விளையாட்டு வைத்தேன், அது நான் நினைத்ததைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டது. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. அதனால் முதலில் நம் இன்றைய எழுத்திலேயே புள்ளி இல்லாமல் ஒருவருக்கொருவர் சீட்டு எழுதச் சொன்னேன். 'தககாளி', 'அமமா', 'இடலி'. முதல் இரண்டு சட்டென்று பிடிபட்டன. மூன்றாவதை 'இடலி' என்றே படித்துவிட்டு அது என்ன ஊரா என்று ஒருத்தி கேட்டாள். இரண்டே நாளில் தெரு முழுக்கப் புள்ளியில்லாச் சீட்டுகள் பறந்தன. நெடில் குறில் வேறுபாடும் பழைய எழுத்தில் எல்லா இடத்திலும் காட்டப்படுவதில்லை, எ, ஏ இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்று சொன்னதும் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். கல்வெட்டு படிப்பவர்கள் எழுத்தைப் பார்த்து மட்டும் படிப்பதில்லை, இடத்தையும் சொல்லையும் வைத்து ஊகிக்கிறார்கள் என்பதை நான் பாடமாகச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

இரண்டாம் நடை. விடிந்ததும் கிளம்பி ஆறே முக்காலுக்குக் குளத்தங்கரையில் இருந்தோம். முதல் நடையில் எட்டரைக்கு மேல் ஏறி, இறங்கும்போது பாறை சுட்டது. மதுரை வெயிலுக்கு ஒன்பதரைக்குள் இறங்கிவிட வேண்டும், ஜனவரியாக இருந்தாலும். செருப்பிலும் ஒரு திருத்தம்: முதல் தடவை ரப்பர் செருப்பு போட்டு வந்த பெண் வழுக்கி முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். இந்தத் தடவை எல்லோருக்கும் ஷூ, இல்லாதவர்கள் வார் வைத்த செருப்பு. செங்குத்தான பாறையில் வெறுங்கால்தான் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் முள் இருக்கிற மண் பாதைக்கு அது ஆகாது.

இந்த நடையில் நான் ஒரு தவறு செய்தேன். அட்டைகளைப் புதையல் மாதிரி ஒளித்து வைத்தால் ஆர்வம் கூடும் என்று முந்தின நாள் மாலை வந்து கற்களுக்கு அடியில் செருகிவிட்டுப் போயிருந்தேன். காலையில் பார்த்தால் இரண்டைக் காணோம், காற்றோ ஆடோ தெரியவில்லை. மூன்றாவதைத் தேடி ஒரு பையன் கல்லைப் புரட்டினான், அடியில் கருந்தேள். கொட்டவில்லை. ஆனால் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மலையில் எதையும் ஒளிக்கக் கூடாது, பிள்ளைகளைக் கல் புரட்ட வைக்கும் எந்த விளையாட்டும் வேண்டாம். மீதி அட்டைகளை எல்லாம் திரும்பப் பொறுக்கிப் பையில் போட்டு, அந்தந்த இடத்துக்கு வந்ததும் கையில் கொடுத்தேன். ஆர்வம் துளியும் குறையவில்லை. தேட வேண்டியது அட்டையை அல்ல, அட்டையில் உள்ளதை. அது ஏற்கெனவே பாறையில் ஆயிரம் வருடமாக இருக்கிறது, நான் புதிதாக எதையும் வைக்க வேண்டியதில்லை.

பேச்சிப்பள்ளத்தில் கடைசி அட்டையைக் கொடுத்தேன். "இந்தப் பாறையில் ஒரு அம்மாவின் பெயர் இருக்கிறது. மகனுடைய பெயரும் இருக்கிறது. தேடுங்கள்."

அட்டவணையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எழுத்தே தெரியவில்லை என்று திரும்பி வந்தார்கள். உண்மைதான், நேராகப் பார்த்தால் பாறையின் சொரசொரப்போடு எழுத்தும் கலந்துவிடும். கண்ணாடியை எடுத்தோம். பெரியவள் வெயில் விழும் இடத்தில் நின்று வெளிச்சத்தைத் திருப்பிப் பாறைமேல் விட்டாள். நேராக விட்டபோது ஒன்றும் இல்லை. அப்புறம் பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சம் பாறையைத் தடவிக்கொண்டு போகிற மாதிரிச் சாய்த்தாள். வெட்டிய கோடுகளின் ஒரு கரை பளிச்சென்றும் மறுகரை நிழலாகவும் பிரிந்து, எழுத்து எழுத்தாக மேலே வந்தது. ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சிலையையும் கல்வெட்டையும் தொட வேண்டாம், தாள் வைத்துத் தேய்க்கவும் வேண்டாம், மாவு பூசவும் வேண்டாம். சாய்ந்த வெளிச்சம் ஒன்றே போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: கண்ணாடியை யார் முகத்துக்கும் திருப்பக் கூடாது, திருப்பினால் கண்ணாடி அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

முதலில் அகப்பட்டது 'ஸ்ரீ'. அது வடமொழிச் சொற்களை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்து, நாம் இன்று எழுதுவதற்கு உறவு என்று பார்த்ததும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அட்டவணையோடு ஒப்பிட்டு, நான் நடுவில் இரண்டு மூன்று எழுத்துக்கு மட்டும் கைகொடுத்து, முக்கால் மணி நேரத்தில் படித்து முடித்தார்கள்: 'ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி.' 'தாயார்' என்ற சொல் கூடியபோது நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி "அம்மா! அம்மாதான்!" என்று குதித்தாள்.

அதற்குப் பிறகு நான் பேசினேன், இந்தத் தடவை கேட்டார்கள். அச்சணந்தி ஒரு சமணத் துறவி. ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி என்று மதுரையைச் சுற்றிப் பல மலைகளில் அவர் பெயர் இருக்கிறது. இங்கே அவருடைய தாயார் குணமதியார் இந்தச் சிற்பத்தைச் செய்யச் சொல்லித் தன் பெயரைப் பொறித்திருக்கிறார். ஆயிரத்து நூறு வருடம் கழித்து நாம் அந்த அம்மாவின் பெயரை வாய்விட்டுப் படிக்கிறோம். "மகன் சாமியாராப் போனதுக்கு அவங்க அழுதிருப்பாங்களா அத்தை?" என்று ஒருவன் கேட்டான். கல்வெட்டில் அது இல்லை, மகனுடைய பெயரை முதலில் போட்டுத் தன் பெயரை அடுத்துப் போட்டிருக்கிறார் என்பது மட்டும் இருக்கிறது என்றேன். அவன் அந்த வரியை இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

பக்கத்துப் பாறையில் இந்தக் காலத்து ஆட்கள் கீறிய பெயர்களும் இருக்கின்றன, இதய வடிவம், அம்பு, தேதி. பிள்ளைகள் பார்க்காமல் இருப்பார்களா? "இவங்களும் பேரைத்தானே எழுதியிருக்காங்க? குணமதியார் எழுதினா நல்லது, இவங்க எழுதினா தப்பா?" நியாயமான கேள்வி. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெரியவள் சொன்னாள்: "அவங்க ஒண்ணைச் செஞ்சு வச்சுட்டுப் பேர் எழுதினாங்க. இவங்க அடுத்தவங்க செஞ்சதுமேல எழுதுறாங்க." நான் அதற்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை.

எழுத்து வெட்டுவது எவ்வளவு வேலை என்று காட்ட நினைத்து, அடுத்த சனிக்கிழமை மொட்டை மாடியில் ஆளுக்கொரு உடைந்த செங்கல்லும் ஒரு ஆணியும் கொடுத்தேன். கண்ணில் தூள் படாமல் இருக்கத் தள்ளி உட்காரச் சொல்லி, ஒரே ஒரு எழுத்தை விரல் நகம் புதையும் ஆழத்துக்குக் கீறச் சொன்னேன். 'அ' எழுதியவர்களுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. வளைவில் ஆணி வழுக்கிக் கோடு எகிறியது. ஒருவன் புத்திசாலித்தனமாக 'ட' எடுத்துக்கொண்டு சீக்கிரம் முடித்தான். பனையோலையில் எழுதிப் பழகிய கைக்கு வளைவான எழுத்துதான் வசதி, நேர்கோடு ஓலையைக் கிழித்துவிடும் என்று சொல்வார்கள். ஆனால் கல்லில் வளைவுதான் சிரமம் என்பதை அவன் கை அவனுக்குச் சொல்லிவிட்டது. மலைப்பாறை செங்கல்லைவிட எத்தனை மடங்கு கெட்டி என்று சுண்டிப் பார்த்தே புரிந்துகொண்டார்கள்.

மூன்றாம் நடை செட்டிப்புடவுக்கு. குகைக்கு வெளியே பெரிய தீர்த்தங்கரர் சிற்பம், உள்ளே மேலே குடைபோல் வளைந்த பாறையில் சின்னச் சிற்பங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு பெண் சிங்கத்தின்மேல் ஏறி வில்லோடு வருகிறாள், எதிரே யானைமேல் வாளும் கேடயமும் ஏந்திய ஓர் ஆள். யார், என்ன என்று சொல்லாமல் "இதற்கு முந்தின நிமிடம் என்ன நடந்திருக்கும், அடுத்த நிமிடம் என்ன நடக்கும்? வரையுங்கள்" என்று தாளைக் கொடுத்தேன். வந்த படங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தாலும், வரைவதற்காக அவர்கள் சிற்பத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, யானையின் தும்பிக்கை எந்தப் பக்கம் போகிறது, வில் எந்தக் கையில் என்று நான் ஒருபோதும் கவனிக்காததை எல்லாம் கவனித்தார்கள். பிறகுதான் அவள் ஒரு இயக்கி, சமண மரபில் தீர்த்தங்கரர்களுக்குக் காவல் தெய்வம் என்றேன்.

அன்றைக்கு என் திட்டத்தில் இன்னும் இரண்டு அட்டைகள் இருந்தன. கையில் எடுக்கவே இல்லை. பாறை கூரைபோல் நீண்டிருக்கும் இடத்தில், பொடிமண்ணில், ஆறு வயதுக்காரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். புனல் வடிவக் குழிகள், பதினைந்து இருபது இருக்கும். குழியானை! நானும் உட்கார்ந்தேன். ஒரு எறும்பு விளிம்பில் கால் வைத்தது, மண் சரிந்தது, ஏற ஏறச் சரிந்தது. அடியிலிருந்து மண் படீரென்று தெறித்து எறும்பைக் கீழே தள்ளியது. இரண்டு கொடுக்குகள் தெரிந்தன, எறும்பு மண்ணுக்குள் இழுபட்டது. சத்தமே இல்லை. ஒன்பது பேரும் தரையில் குப்புறப் படுத்திருந்தார்கள்.

கரண்டியால் ஒன்றைப் பக்குவமாக அள்ளி உள்ளங்கையில் விட்டோம். பின்பக்கமாகவே நடக்கும், முன்னால் நடக்கத் தெரியாது. இது வளர்ந்தால் தும்பி மாதிரி சிறகுள்ள பூச்சி ஆகும், புழுவாக இருக்கும் காலம் முழுக்க மலமே கழிப்பதில்லை என்று சொன்னேன். அந்தச் செய்தி அவர்களுக்குக் கொடுத்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. திரும்ப அதே இடத்தில் விட்டதும் வட்டம் வட்டமாகச் சுற்றி மண்ணை எறிந்து புதுக் குழி போட ஆரம்பித்தது. குழியின் சரிவு ஏன் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று பெரியவள் கேட்டாள். வீட்டில் காய்ந்த மணலைத் தட்டில் கொட்டிப் பார்க்கச் சொன்னேன்: எவ்வளவு கொட்டினாலும் குவியல் ஒரு சாய்வுக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். குழியானை தன் குழியை அந்தக் கடைசிச் சாய்வில்தான் வைக்கிறது, அதனால் எறும்பின் கால் பட்டாலே போதும்.

அப்புறம் அந்த மண்ணில் ஏன் இத்தனை குழி, வெளியே ஏன் ஒன்றுகூட இல்லை என்று தேடினோம். வெளியே மண் கட்டிதட்டி இருந்தது, உள்ளே மாவாக இருந்தது. "மழை படல, அதான்." மதுரையைச் சுற்றியுள்ள மலைக் குகைகள் சிலவற்றில் மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கப் பாறையின் நெற்றியில் காடி வெட்டியிருப்பார்கள், பக்கத்தில் கொங்கர்புளியங்குளத்தில் அப்படிப் பார்க்கலாம், அதன் கீழே துறவிகளுக்குக் கற்படுக்கைகள் இருக்கின்றன என்று நான் சொன்னபோது, எதிர்வீட்டுப் பையன், இட்லி கேட்ட அதே பையன், கேட்டான்: "அப்ப சாமியாரும் குழியானையும் ஒரே காரணத்துக்குத்தான் வந்தாங்களா?" வரலாறு ஒரு நாள், இயற்கை ஒரு நாள் என்று நான் பிரித்து வைத்திருந்த அட்டைகளை அன்று மாலையே ஒன்றாகக் கலந்துவிட்டேன்.

இறங்கும்போது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எதிரே வந்தார். ஊர்க்காரர் யாரைப் பார்த்தாலும் ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். "ஐயா, சுனையில எப்பவும் தண்ணி இருக்குமா?" என்று ஒருத்தி கேட்க, அவர் கம்பை ஊன்றி நின்று, தன் சின்ன வயதில் அதில் குடித்ததையும், மழைக்குப் பிறகு எந்தெந்தப் பாறைப் பள்ளத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், ஆட்டுக்கு எது ஆகும் என்பதையும் சொன்னார். என் நோட்டில் இல்லாத விவரம். பிள்ளைகள் அதை மலைப் படத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

அன்று ஒரு நஷ்டமும் உண்டு. குதித்து இறங்கியவன் பையோடு உட்கார்ந்துவிட்டான், கண்ணாடி இரண்டாக விரிசல் விட்டது.

நான்காம் நடைக்கு நாலாம் வகுப்புப் பெண் தன் அம்மாவைக் கூட்டி வந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறவர், அன்று விடுப்பு சொல்லி வந்திருந்தார். குளத்தில் முதலில் அரை மணி நேரம். தாமரை இலைமேல் பாட்டில் தண்ணீரைச் சொட்டவிட்டுப் பார்த்தோம், முத்தாக உருண்டு, இலையில் இருந்த தூசியையும் சேர்த்துக்கொண்டு விழுந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இலை வெல்வெட் மாதிரித் தெரிகிறது. கண்ணுக்கு எட்டாத, மெழுகு பூசிய நுண்ணிய மேடுகள் இலை முழுக்க இருக்கின்றன, அவற்றின் நுனியில்தான் துளி நிற்கிறது, இலையின் மற்ற இடத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை என்றேன். தள்ளி முக்குளிப்பான் ஒன்று மூழ்கியது, எங்கே எழும்பும் என்று பந்தயம் கட்டி எல்லோரும் தோற்றார்கள்.

பேச்சிப்பள்ளத்துக்குப் போய், அம்மாவுக்குக் குணமதியாரின் பெயரைக் காட்ட வேண்டும் என்று அந்தப் பெண் பைக்குள் கை விட்டாள். கண்ணாடி இல்லை. புதியது வாங்கிப் போட நான் மறந்துபோயிருந்தேன். அவள் முகம் விழுந்துவிட்டது. அம்மா தன் கூடையைத் திறந்து இட்லி டப்பாவின் எவர்சில்வர் மூடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, வெயிலில் காட்டிப் பாறைமேல் திருப்பினார். கண்ணாடி அளவுக்குக் கூர்மையான வெளிச்சம் இல்லை, கொஞ்சம் பரவியது. "அப்படி இல்லம்மா, சாய்ச்சுப் பிடி, சாய்ச்சு" என்று மகள் கையைப் பிடித்து நகர்த்தினாள். எழுத்து மேலே வந்தது. அவள் ஒவ்வொன்றாக விரலைப் பாறைக்கு ஒரு சாண் முன்னாலேயே நிறுத்திப் படித்துக் காட்டினாள், 'தாயார்' வந்ததும் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

உடையாது, தனியாக வாங்க வேண்டியதும் இல்லை. கண்ணாடிக்குப் பதில் இனி எவர்சில்வர் மூடிதான் எங்கள் பையில்.